மூச்சுக் கணக்கு

கைபேசித் திரையில் மூன்று என்னும் எண் அசையாமல் நின்றது. வீட்டில் இருந்தவர்களோ அவளும், உள்ளறையில் காய்ச்சலோடு உறங்கும் மகளும் ஆக இருவரே.

மழைக்கு முந்திய மங்கல் வெளிச்சம் சன்னலில் ஈரத்துணிபோல் தொங்கிய அம்மாலையில், தைலத்தின் நெடியும் மருந்தின் கசப்பு மணமும் கலந்த கூடத்தில் அமர்ந்து, ஆர்வலர்கள் கூடி நடத்தும் மென்பொருள் தொகுப்புத் தளத்திற்கு வந்திருந்த புதிய வரவொன்றை அவள் சோதித்துக்கொண்டிருந்தாள். யார் எதை ஆக்கி அனுப்பினாலும், பொறுப்பாளர் இருவர் தத்தம் வீட்டில் இயக்கிப் பார்த்து ஒப்பிய பின்னரே அது பலர் பார்வைக்கு வரும். இது, அருகில் மூச்சுவிடுவோர் எத்தனை பேர் என்று ஒலிகேட்டு எண்ணும் செயலி. உறக்கத்தில் மகளுக்கு மூச்சுத் தடைப்பட்டால் உடனே தெரியுமே என்று, இரண்டாம் பொறுப்பாளராக அவளே விரும்பி இதை எடுத்துக்கொண்டாள்.

மின்விசிறியை நிறுத்தினாள். மூன்று. சன்னலைச் சாத்தினாள். மூன்று. தன் மூச்சை அடக்கினாள். இரண்டு.

முதல் ஒப்புதல் தந்தவர் மூத்த பொறுப்பாளர். எதையும் எளிதில் விடாதவராதலால் தளத்தில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, கணினி வழியே அவரை அழைத்தாள்.

"அண்ணே, இது ஒரு ஆளைக் கூடுதலா காட்டுது. நீங்க எப்படி விட்டீங்க?"

"அதிசயமா ஒண்ணை நான் விட்டா, அதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறியே தங்கச்சி. தொறந்தா இயங்குது, எண் வருது. எனக்கு ரெண்டு காட்டுச்சு."

"நீங்க தனியாத்தானே இருக்கீங்க?"

அவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இயங்குதான்னுதான் பாத்தேன்ம்மா. எண்ணு சரியான்னு பாக்கலை. இரு, மூச்சை அடக்கிப் பாக்கறேன்."

நெடுநேரம் ஓசையில்லை. பிறகு, மிகத் தாழ்ந்த குரலில்:

"ஒண்ணு காட்டுது."

"அப்ப அது யாரு அண்ணே?"

"தங்கச்சி, பாப்பா எங்க?"

காதொலிப்பானைக் கழற்றியெறிந்து உள்ளே ஓடினாள். கைபேசியின் வெளிச்சத்தைக் கட்டிலின் அடியில் பாய்ச்சினாள். தூசி. அலமாரிக்குள் துணிகள். கதவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. போர்வைக்குள் மகள் மட்டும், இரைத்து இரைத்து மூச்சுவிட்டபடி.

மூன்று.

போர்வையோடு அவளை வாரித் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியேறினாள். கதவை இழுத்துப் பூட்டினாள். படிக்கட்டில் இறங்கினாள். மேலே எவருமில்லை. கீழே எவருமில்லை. மழையும் இன்னும் பெய்யவில்லை.

எதுவாயினும் அது உள்ளேயே பூட்டப்பட்டுவிட்டது.

படியில் அமர்ந்து திரையைப் பார்த்தாள்.

மூன்று.

"அம்மா, கனமா இருக்கும்மா," என்றாள் மகள், கண் திறவாமலே.

"ஒண்ணுமில்லடா கண்ணு. சளி. தூங்கு."

மகளை அமைதிப்படுத்த அவள் முதுகின்மேல் உள்ளங்கையை வைத்தாள். மூச்சில் அச்சின்ன முதுகு மேலெழுந்தது.

அது தாழ்வதற்கு முன்பே, அதனுள்ளிருந்து, மற்றொரு மூச்சு மேலெழுந்தது.