பத்து மணி லைவ்

ஃபோன் அலறியபோது டைரக்டர் பாதி முகம் மழித்திருந்தார்.

எடுத்தது அவர் மனைவி. கேட்டாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஃபோனை நீட்டினாள்.

"மாமா..." என்றான் மச்சினன். "நம்ம கீப்பர் செத்துட்டாரு. ராத்திரி மூணாவது மாடி பால்கனியிலேர்ந்து விழுந்திருக்காரு. யாரோ தள்ளியிருக்காங்கன்னு போலீஸ் சொல்லுது."

டைரக்டரின் கன்னத்தில் நுரையோடு ரத்தமும் இறங்கியது.

மூன்று வருடங்களுக்கு முன் டிவியில் அந்த விளையாட்டுச் செய்தி நிகழ்ச்சியை அவர் தொடங்கியபோது, சேனலில் ஒருவரும் மதிக்கவில்லை. 'கடைசி விசில்' என்று பெயர். தினமும் இரவு பத்து மணி. மச்சினன் செய்தி வாசித்தான்... இல்லை, வெடித்தான். 'பீரங்கி' என்று ஊரே பட்டம் கட்டியது. பக்கத்து நாற்காலியில் கீப்பர். ஒரு காலத்தில் கோல் காத்தவர். தோற்ற அணியைத் தோலுரித்துத் தொங்கவிடுவார். ஆறே மாதத்தில் சீரியல் பார்த்த வீடுகளெல்லாம் சேனலை மாற்றின.

'லைவ்' என்ற சிவப்பு எழுத்துதான் அதற்கு உயிர்.

அந்த எழுத்து ஒரு வருடமாகப் பொய்!

பீரங்கிக்குப் புகழ் வந்தது. பின்னாலேயே பாட்டிலும் வந்தது. ஒரு நாள் நாக்குக் குழறியது. மறுநாளிலிருந்து டைரக்டர் மாலையிலேயே நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். ஸ்டுடியோ கடிகாரத்தின் முள்ளைப் பத்துக்குத் தள்ளினார். பிந்திய ஸ்கோர்கள் திரையின் அடியில் எழுத்தாக ஓடின. பத்து மணி ஒளிபரப்பைக் கம்ப்யூட்டரே தானாகப் பார்த்துக்கொண்டது. ஸ்டுடியோவில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் பிழைப்பும் அதுதான். யாரும் வாய் திறக்கவில்லை.

கீப்பருக்குத்தான் பொறுக்கவில்லை. சாவதற்கு முதல் நாள் பீரங்கியின் சட்டையைப் பிடித்துவிட்டார். பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறேன் என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் பதிவுக்கு அவர் வரவில்லை; பீரங்கி தனியாகவே பேசி முடித்தான்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் முதலில் விசாரித்தது பீரங்கியைத்தான். ஆனால் கீப்பரின் பக்கத்து வீட்டுப் பெண் திட்டமாகச் சொன்னாள்... 'கடைசி விசில்' இசை தொடங்கியது, அப்போதுதான் அலறல் கேட்டது. அந்த நேரத்தில் பீரங்கி டிவியில் இருந்தான். ஊரே சாட்சி.

கடைசியில் மாட்டியது கீப்பரின் டிரைவர். அந்த வாரம்தான் வேலையை விட்டு விரட்டப்பட்டவன். அன்று இரவு வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் அங்கே போனேன் என்றான். யார் நம்புவார்கள்?

டிரைவரின் மனைவி தினமும் சேனல் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. சண்டை போடவில்லை. டைரக்டரின் கார் வரும்போது கண்ணாடி அருகே குனிவாள்.

"நீங்க சொன்னா ஊரே நம்புது சார். எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்லன்னு ஒரு வார்த்தை செய்தியில சொல்லக்கூடாதா?"

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தட்டை வைப்பாள், எடுப்பாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு வாரம் தாங்கினார். பிறகு நேராக ஸ்டேஷனுக்குப் போனார்.

"மேடம்... அது லைவ் இல்ல. ஒரு வருஷமா எதுவுமே லைவ் இல்ல."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்ப பத்து மணிக்கு உங்க மச்சினன் எங்க வேணாலும் இருந்திருக்கலாம்?"

டைரக்டர் தலையைக் குனிந்துகொண்டார். பத்து வயதில் தன் வீட்டுக்கு வந்த பையன். அவர் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். இறங்கவில்லை.

அன்று இரவு 'கடைசி விசில்' இடத்தில் கறுப்புத் திரையும் ஒரு வரி வருத்தமும் ஓடின. கைதட்டிய ஊர் கைகொட்டிச் சிரித்தது. மூன்று வருட உழைப்பு ஒரே ராத்திரியில் மண்.

பீரங்கியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பத்து மணிக்கு எங்கே இருந்தாய் என்று எத்தனை முறை கேட்டும் அவன் வாயே திறக்கவில்லை. டைரக்டரைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டர். அப்போதும் அவன் தரையைத்தான் பார்த்தான்.

கதவு திறந்தது.

டைரக்டரின் மனைவி! புருஷனைப் பார்க்காமல், தம்பியின் பின்னால் போய் நின்றாள்.

"இவன் அன்னைக்கு எங்க வீட்லதான் இருந்தான் மேடம். குடியை விட்டுடறேன்னு எங்கிட்ட சொல்ல வந்தான். டிவியில அவனே பேசறதை அவனே பார்த்துச் சிரிச்சான். எதிர்வீட்டு டாக்டரும் கூட இருந்தாரு, மறு ஒளிபரப்புன்னு நினைச்சுட்டாரு. கேட்டுப் பாருங்க."

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"இவன் இங்க இருக்கான்... அப்ப அவர் ஸ்டுடியோவுல யாரை வச்சு லைவ் நடத்தறாருன்னு கேட்டேன். தம்பி சொன்னான், அங்க யாருமே இல்லக்கான்னு." அவள் தம்பியின் தோளைப் பற்றினாள். "அவர் ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் வந்தாரு. சட்டையில பட்டன் இல்ல. ரெண்டு பேரும் பார்த்தோம். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டோம்."

பீரங்கி முகத்தைப் பொத்திக்கொண்டான். "அக்கா, வேணாம்க்கா..."

தன்னைக் காட்டிக்கொடுத்தவரைக் காப்பாற்றத்தான் அவன் இத்தனை நேரம் ஊமையாக இருந்தான்!

டைரக்டர் உடைந்தார்.

"கால்ல விழுந்தேன் மேடம். சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். சிரிச்சாரு. சட்டையைப் பிடிச்சாரு. ஒரே ஒரு தள்ளு... அவ்வளவுதான். டிரைவரை விட்டுடுங்க. என் மச்சினனை விட்டுடுங்க."

இன்ஸ்பெக்டர் கண் காட்ட, கான்ஸ்டபிள் மூலையிலிருந்த கேமராவை இயக்கினார்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க சார். தெளிவா சொல்லுங்க... இங்க ரீடேக் கிடையாது."