ஒன்று புள்ளி இரண்டு வோல்ட்

ரிசீவரின் ஆன்டெனா கேபிளைக் கழற்றிய பிறகும் மீட்டரின் முள் கீழே இறங்கவில்லை.

காதை அறுத்துவிட்ட ரிசீவருக்கு எதுவும் கேட்கக் கூடாது. சிக்னல் இல்லையென்றால் அரை வோல்ட், அதுதான் கணக்கு. முள்ளோ ஒன்றில் நின்று அடம்பிடித்தது. அவர் முனையைத் துடைத்தார், மீட்டரைத் தட்டினார், பேட்டரியைத் திட்டினார். குன்றின் மேலிருக்கும் இந்த அமெச்சூர் ரேடியோ ரிப்பீட்டரை, கைசெட்டுகளின் குரலை வாங்கி ஊருக்கெல்லாம் மறுபடி அனுப்பும் பெட்டியை, இருபது வருஷமாகப் பார்த்துக்கொள்பவர். ரேடியோ மன்றத்தில் அவர் பெயரே 'வோல்ட்டு'தான். எந்தப் பழுதின் பாச்சாவும் அவரிடம் பலித்ததில்லை.

வெளியே பட்டப்பகல். உள்ளே மின்விசிறியின் ஓயாத முனகலும், சூடேறிய தூசியின் வாசனையும், அதற்கு அடியில் எங்கிருந்தோ மெல்லக் கசிந்து வந்த ஆற்றுச் சேற்றின் வாடையும்.

ஒரு வோல்ட். அந்த எண்ணைத்தான் அவர் மறக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதத்துக்கு முன்பு, பேச்சுக்கு நடுவே இரைச்சல் என்று மன்றத்து ஆட்கள் நச்சரிக்க, ஸ்குவெல்ச் திருகை ஒன்று புள்ளி இரண்டுக்கு இறுக்கினார். அதற்குக் கீழே வரும் எதையும் இரைச்சல் என்று தள்ளிவிட்டு ரிப்பீட்டர் வாயை மூடிக்கொள்ளும். எல்லாருக்கும் நிம்மதி. அடுத்த வாரமே மனைவியின் தம்பி வெள்ளத்தில் ஒரு பாறைமேல் மாட்டிக்கொண்டு, தீரப்போகும் பேட்டரியோடு கைசெட்டில் கூப்பிட்டிருக்கிறான். யாருக்கும் கேட்கவில்லை. மறுநாள் உடல்தான் கிடைத்தது. ரிசீவரின் பதிவில் மட்டும், விட்டு விட்டு, ஒரு மணி நேரம், ஒரு வோல்ட். பதிவை அழித்துவிட்டு வீட்டுக்குப் போய், "அவன் செட்டு நனைஞ்சிருக்கும்மா" என்றார். அவளும் நம்பினாள். அதுதான் அவரைத் தின்றது.

முள் நகர்ந்தது. ஒன்று புள்ளி ஒன்று.

வோல்ட் ஏறினால் கூப்பிடுகிறவன் நெருங்குகிறான் என்று அர்த்தம். ஆன்டெனா இல்லாத ரிசீவருக்கு, அவன் அறைக்குள்ளேயே இருந்தால்தான் உண்டு.

ஒன்று புள்ளி இரண்டு.

ரிலே 'டக்' என்றது. ரிப்பீட்டர் திறந்துகொண்டது. சோதனைக்காக ஸ்பீக்கரை அணைத்து வைத்திருந்தார். அதைப் போட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

செல்போன் அடித்தது. மனைவி. தம்பி இவர்கள் வீட்டில் விட்டுப்போயிருந்த இன்னொரு செட்டை அவள் இன்னும் அணைக்கவில்லை.

"என்னங்க... தம்பி பேசுறான்."

"யாரோ விளையாடுறாங்கம்மா. அணைச்சிடு."

"எனக்கு அவன் குரல் தெரியாதா? 'எதுக்கு மாமா, எதுக்கு மாமா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். எதைக் கேக்குறான்? நீங்க என்ன பண்ணீங்க?"

சொல்லிவிடலாம். இப்போதாவது.

"இருங்க, இன்னும் ஏதோ சொல்றான்..."

அவர் கை திருகுக்குப் போனது. இறுக்கிவிட்டால் போதும். மறுபடி மூடிவிடும். அவள் கேட்க மாட்டாள்.

முள் இரண்டில். இரண்டரை. மூன்று. அதற்கு மேல் அளவு இல்லை.

திருகைப் பிடித்தார். அசையவில்லை.

அவர் விரல்களின் மேல் வேறு விரல்கள் இருந்தன. ஜில்லென்று. ஊறி வெளுத்து, நகக்கண்ணெல்லாம் சேறு. அவர் கையையும் சேர்த்துப் பிடித்து, அவசரமே இல்லாமல், திருகை எதிர்ப்பக்கம் திருப்பின.

"இப்ப தெளிவா கேக்குதுங்க" என்றாள் மனைவி.

விரல்கள் இன்னும் திருப்பிக்கொண்டிருந்தன.