அடத்துக்கு ஓர் அளவுகோல்

விடிந்ததும் நாங்கள் சாமி படத்தைப் பார்ப்பதில்லை, சுவர்த்திரையைத்தான் பார்ப்போம். ஒவ்வொரு பிள்ளையின் கழுத்துக்குப் பின்னாலும் ஒரு நாடிப்பட்டை ஒட்டியிருக்கும். முந்தைய நாள் முழுக்க அந்தப் பிள்ளை எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை அது திரைக்கு அனுப்பிவிடும். பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் அன்றைக்குக் காப்பி தொண்டையில் இறங்காது. எங்கள் அலைவாய் இல்லத்துக்கு இரண்டு மாதமாகச் சிவப்புதான்.

பழைய தூத்துக்குடியில் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு கட்டிய மேட்டு நகரம் இது. தாய் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகளுக்காக எங்கு பார்த்தாலும் இல்லங்கள் முளைத்தன. எது நல்ல இல்லம், எது பிள்ளைகளின் பேரைச் சொல்லிப் பிழைக்கிற இல்லம் என்று கண்டுபிடிக்க அரசாங்கம் கொண்டுவந்ததுதான் அமைதிமானி. மூன்று மாதம் தொடர்ந்து சிவப்பு வந்தால் இல்லத்தை மூடி, பிள்ளைகளைப் பச்சை இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள். இதை யோசித்தவர் கெட்டவர் இல்லை. ஆனால் பிள்ளை வளர்த்தவரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன்.

என் பெயர் வியாகுலம். பெயர்தான் அப்படி, வாய் அப்படியில்லை. இல்லத்தின் பொறுப்பாளர் நான். என்னோடு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பீர்முகம்மது. எங்கள் பிள்ளைகளைச் சாந்தி வளாகம் என்ற பச்சை இல்லத்துக்கு மாற்றப் போவதாக எச்சரிக்கை நோட்டீஸ் வந்தது. அந்த வளாகத்துக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கூடம் நிறையப் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு தட்டுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

பீர்முகம்மதுதான் சட்டத்தைத் தோண்டி ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு எதிர்மதிப்பீடு என்று பெயர். உங்கள் அளவுகோல் தப்பு, சரியானது இது, இதோ ஆதாரம் என்று எந்த இல்லமும் சொல்லலாம்; விசாரணை முடியும்வரை அந்த இல்லத்தை மூட முடியாது. இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அளக்கத் தெரிந்தால்தானே சொல்வதற்கு! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“பிள்ளையப் பாத்தாத் தெரியாதா? என்னத்துக்கு அளக்கணும்?”

“நமக்குத் தெரியும்க்கா. தெரியுறது வேற, காட்டுறது வேற. காட்டத் தெரியலன்னா பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிருவாங்க.”

சரி என்று இறங்கினோம். முதலில் ஒவ்வொரு பிள்ளையிடமும் போய், இங்கே பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். எல்லாப் பிள்ளையும் பிடித்திருக்கிறது என்றது. நான் சந்தோஷத்தில் குதித்தேன். பீர்முகம்மது அதே கேள்வியைச் சாந்தி வளாகத்தில் கேட்க ஏற்பாடு செய்தார். அங்கேயும் அதே பதில். எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சோறு போடுகிறவளே கேட்டால் பிள்ளை வேறென்ன சொல்லும்?

அப்புறம்தான் சிவப்பு எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து பார்த்தோம். எல்லாம் அடம். வந்த புதிதில் பிள்ளை பதுங்கியே இருக்கும், பட்டை பச்சையாக இருக்கும். பிறகு ஒருநாள் ஒன்றுமில்லாத விஷயத்துக்குத் தரையில் புரண்டு அடம் பிடிக்கும். அதற்குப் பின்தான் தலையணைக்கடியில் ரொட்டி ஒளித்து வைப்பதை நிறுத்தும், அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கும். இவர்கள் நம்மைக் கைவிட மாட்டார்கள் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் பிள்ளைக்கு அடமே வருகிறது.

எங்களுக்குப் புரிந்தால் மட்டும் போதாதே. இன்னும் சில இல்லங்களைச் சேர்த்துக்கொண்டோம். அவர்கள் பிள்ளைகளை நாங்கள் கவனிப்பது, எங்கள் பிள்ளைகளை அவர்கள் கவனிப்பது, யாருக்கும் பிள்ளைகளின் அமைதிமானி ஸ்கோர் தெரியக் கூடாது என்று ஏற்பாடு. கண்ணில் பட்டதை மட்டும் எழுத வேண்டும். “செல்லமாக அழுதான்” என்று நான் எழுதினால் பீர்முகம்மது “செல்லமாக” என்பதை அடித்துவிடுவார். அந்த ஒரு சொல்லுக்காக அவரோடு பேசாமலேகூட இருந்திருக்கிறேன்.

டேட்டா எல்லாம் வந்து சேர்ந்தபோது, நாங்கள் நினைத்தது சரி என்று எல்லா இல்லமும் காட்டியது. ஆனால் எங்கள் இல்லத்திலேயே ஒரு பிள்ளை இடித்தது. ரோஸ்லின், ஏழு வயது. வந்து ஒரு வருடமாகியும் ஒரு தடவைகூட அடம் பிடித்ததில்லை. தங்கம் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். வருகிறவர்களுக்கெல்லாம் அவளைத்தான் பெருமையாகக் காட்டுவோம். எங்கள் அளவுகோல்படி பார்த்தால், எங்களை நம்பாத ஒரே பிள்ளை அவள்தான். அவளை மட்டும் கணக்கிலிருந்து விட்டுவிடலாமே என்றேன்.

“அவள எடுத்துட்டா, நம்ம அளவுகோலும் இன்னொரு அமைதிமானிதான்க்கா,” என்றார் பீர்முகம்மது.

இந்தப் பிள்ளை விஷயத்தில் நாங்கள் தோற்றோம், ஆனாலும் ஒரு பிள்ளையை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

விசாரணைக்கு இசக்கியப்பன் என்ற மதிப்பீட்டு அதிகாரி வந்தார். எங்கள் சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காலை முழுக்கக் குடைந்தெடுத்தார். கத்துகிற பிள்ளையெல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா என்று கேட்டார். இல்லை, பயத்தில் கத்துவது வேறு. கத்தி முடித்த பிறகு, கண்டித்தவரிடமே பிள்ளை திரும்பி வருகிறதா என்பதைத்தான் அளந்திருக்கிறோம் என்றேன். அளப்பதே எதற்கு என்று சண்டை போட்ட நானேதான் சொன்னேன்! ரோஸ்லினைப் பற்றிய பக்கத்தை மட்டும் அவர் திரும்பத் திரும்பப் படித்தார். முடிவைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வதாகச் சொல்லி, ஏதோ தட்டச்சு செய்துவிட்டு, சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

ரோஸ்லின் தட்டோடு வந்து அவர் முன்னால் நின்றாள்.

“அது என் எடம். எந்திரிங்க.”

அந்தப் பக்கம் நிறைய இடம் இருக்கிறதே பாப்பா என்றார் அவர். நான் அவளை இழுக்கப் போனேன். பீர்முகம்மது என்னைத் தடுத்துவிட்டார்.

“மாட்டேன். அது என் எடம்!”

தட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே விழுந்து புரண்டாள். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்த அழுகை மொத்தமும் வெளியே வந்தது. மறுநாள் காலை திரையில் அவள் பெயர் சிவக்கப் போவது உறுதி. அதிகாரி தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். அவள் ஏறி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிடத் தொடங்கினாள்.

சார், நாங்கள் சொல்லிக் கொடுத்து இது நடக்கவில்லை என்று உளறினேன்.

“ஒரு பிள்ளைய வச்சு முடிவுக்கு வரக் கூடாதுன்னு நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க. நானும் வரல. இந்த இல்லத்த மூடக் கூடாது, எல்லா இல்லத்துலயும் இந்த அளவுகோல்தான் வேணும்னு உக்காருறதுக்கு முன்னாலயே எழுதி அனுப்பிட்டேன்.”

நான் கூச்சமே இல்லாமல் ஓவென்று அழுதேன். பிள்ளைகள் தட்டைத் தட்டி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். பீர்முகம்மது நாற்காலி கொண்டுவந்தும் வேண்டாமென்று, அதிகாரி நின்றபடியே சாப்பிட்டார். அதற்குள் ரோஸ்லின் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவள் அப்பளம் உடைந்திருக்கிறதாம், முழு அப்பளம்தான் வேண்டுமாம். அடுப்படிக்கு ஓடினேன்.