கருப்புத் திரைக்கு ஓர் அலறல்

நேற்று வெட்டி வைத்த அலறல் இன்று கொஞ்சம் நீளமாக இருந்தது.

நந்திதா முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். திருப்பதியில் அவள் படிக்கும் கல்லூரியின் எடிட்டிங் அறையில் அந்த மதிய நேரத்தில் வேறு யாரும் இல்லை. ஜன்னல்களில் கனத்த நீலத் திரைச்சீலை, ஏசியிலிருந்து காயாத துணியின் வாடை, மேலே எங்கோ பெஞ்சு இழுக்கிற சத்தம். கம்ப்யூட்டர் திரையின் அடியில் ஒலிகளை அடுக்கி வைத்திருந்த வரிசையில் அந்த அலறல் ஒரு பச்சைத் துண்டாகக் கிடந்தது. கருப்புத் திரை முடிகிற இடத்தில் சரியாக முடியும்படி அவளே நறுக்கியது. இப்போது அது கருப்பைத் தாண்டி, படத்தின் பெயர் வருகிற இடத்துக்குள் ஒரு நகத்தின் அகலம் நுழைந்திருந்தது.

கை தவறி இழுத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி நறுக்கினாள்.

அவளுக்கும் நிதினுக்கும் சபீனாவுக்கும் சேர்த்துக் கொடுத்த வேலை அது. ஒரு திகில் படத்துக்கு ஒரே நிமிட டீசர். ஆனால் கேமராவைத் தொடுவதற்கு முன்னால் திகில் பட டிரெய்லர்களை நன்றாகப் படித்துவிட்டு வர வேண்டும் என்று பிரபாகர் சார் சொல்லியிருந்தார். மூன்று பேரும் கேண்டீனில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துத் தள்ளினார்கள். முதலில் ஒரு வீடு, ஒரு சிரிப்பு, காலைச் சமையல். பிறகு சாத்தியிருக்க வேண்டிய ஒரு கதவு திறந்திருக்கும். பிறகு சத்தமெல்லாம் வற்றிப்போகும். திரை கருப்பாகும். அந்தக் கருப்பின்மேல்தான் அலறல் வரும். வெட்டுவதையோ குத்துவதையோ நல்ல டிரெய்லர் எதுவும் காட்டவில்லை என்பதை நந்திதாதான் கவனித்துச் சொன்னாள். கருப்பைக் காட்டி அலறலைக் கொடுத்தால் போதும், மிச்சத்தைப் பார்க்கிறவனே வெட்டிக்கொள்வான்.

எல்லாம் சரியாக வந்தது, சபீனாவின் அலறலைத் தவிர. பாவம், தொண்டை கட்டுகிறவரை கத்திப் பார்த்தாள். கரப்பான்பூச்சியைக் கண்டவள் கத்துகிற மாதிரியே இருந்தது. மறுநாள் நிதின் ஒரு ஒலியை அனுப்பினான். “நெட்ல கெடச்சுது. வெச்சுப் பாரு,” என்றான். வைத்தபோது நந்திதாவின் கைமயிர் சிலிர்த்துக்கொண்டது. பிரபாகர் சார்கூட நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார்.

நந்திதா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பச்சைத் துண்டு மறுபடி கருப்பைத் தாண்டியிருந்தது. இந்தத் தடவை ஒரு விரல் நீளம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள். அலறல் எழுந்தது, உடைந்தது. அங்கேதான் அது முடிய வேண்டும். முடியவில்லை. அடியில் ஓர் இயந்திரம் உறுமியது. எங்கோ தண்ணீர் கொட்டியது. எலும்பில்லாத எதையோ பிசைவது போல ஈரமான ஒரு சத்தம், விட்டு விட்டு. அதற்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல், மூச்சு பிடிக்காமல் வந்தது.

“ஆப் பண்ணு கண்ணு... ஆப் பண்ணிடு கண்ணு...”

நந்திதா ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். அந்தப் பேச்சு நெட்டில் கிடைக்கிற பேச்சு இல்லை. சித்தூருக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே கிடக்கும் அவளுடைய ஊரின் பேச்சு.

அம்மாவுக்குப் போன் போட்டாள். பச்சையம்மாள் தக்காளித் தோட்டத்தில் கூலி வேலையில் இருந்தாள். மாம்பழ சீசன் வந்தால் புத்தலப்பட்டுப் பக்கம் இருக்கும் மாங்கூழ் ஆலைக்குப் போவாள், மற்ற மாதங்களில் தோட்டம்.

“அம்மா, ஒரு சத்தம் போடறேன். யாருதுன்னு சொல்லு.”

“வேலை நேரத்துல இன்னாடி வெளையாட்டு?”

நந்திதா போனைக் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் அருகில் வைத்தாள். ஓடி முடிந்தது. மறுமுனையில் தூரத்தில் யாரோ பெண்கள் தெலுங்கில் சிரித்துப் பேசுவதும் அம்மாவின் மூச்சும் மட்டும் கேட்டன.

“அம்மா?”

“மணியம்மா,” என்றாள் பச்சையம்மாள். “அது மணியம்மா கொரலு. நான் வெளிய தொட்டியில பழம் கழுவிகினு இருந்தேன். இதே கத்தல்தான் கேட்டுது. உனுக்கு எப்டிடி கெடச்சுது?”

மணியம்மா பின்தெருக்காரி. போன சீசனில் ஆலை இயந்திரத்தில் சிக்கிச் செத்துப்போனவள். உடம்பை வெள்ளைத் துணியில் சுற்றித் தைத்துத்தான் கொண்டுவந்தார்கள். பெற்ற மகள் ரூபா அழுது புரண்டும் முகத்தைத் திறந்து காட்டவில்லை.

“கிட்ட ஆருமே இல்ல, இருந்திருந்தா மெஷின நிறுத்தியிருப்பாங்கன்னு மொதலாளி வூட்ல சொன்னாங்க,” என்றாள் அம்மா. அவள் குரல் மெல்ல மெல்ல மாறிக்கொண்டு வந்தது. “கிட்ட ஆரும் இல்லன்னா இத ஆருடி புடிச்சது?”

அந்த ஆலையின் முதலாளி நிதினின் அப்பா, அவன் நைனா என்று கூப்பிடுகிறவர்.

நாளை கல்லூரி அரங்கத்தில் டீசரைப் போட்டுக் காட்டுவார்கள். அன்றைக்கே நெட்டிலும் ஏற்றிவிடுவார்கள். பத்தாவது படிக்கிற ரூபா தன் போனில் அதைப் பார்ப்பாள். பையன்கள் விசில் அடித்துப் பகிர்ந்துகொள்ளப்போவது அவள் அம்மாவின் சாவுச் சத்தம். நந்திதா அந்தத் துண்டை அழித்தாள். ஆனால் அசல் நிதினின் போனில் இருக்கிறது. அவனோ கடைசி ஷாட் எடுக்கிறேன் என்று ஆலைக்குப் போயிருந்தான். போனில் கேட்டால் சிரித்து மழுப்புவான். நேரில் நின்று அழிக்க வைக்க வேண்டும்.

சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியதும் வெயில் சாய்ந்து மாந்தோப்புகளின் நிழல் ரோட்டில் விழுந்து விழுந்து எழுந்தது. பஸ்ஸின் இரைச்சலுக்கு அடியில் வேறோர் உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. காதைப் பொத்தினாள். பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

ஆலை மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. கேட் திறந்திருந்தது. வாட்ச்மேனைக் காணவில்லை. முற்றத்தில் போன சீசனின் மாங்கொட்டைகள் வெளுத்துக் காய்ந்து மலையாகக் குவிந்திருந்தன. இந்தக் கார்த்திகை மாதத்தில் அங்கே தூசியும் எலிப்புழுக்கையும்தான் நாற வேண்டும். ஆனால் அவள் முகத்தில் மோதியது பழுத்த மாம்பழத்தின் வாசனை. தித்திப்பாக, சூடாக, தொண்டைக்குள் இறங்கி ஒட்டிக்கொள்கிற வாசனை.

உள்ளே நீளமான தகரக் கொட்டகை. நடுவில் பழங்களை நகர்த்துகிற ரப்பர் பட்டை, இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து பழம் நறுக்குவதற்கான பெஞ்சுகள். பட்டையின் கோடியில் அந்தக் கூழ் இயந்திரம். பழத்தைக் கொட்டுகிற அதன் அகன்ற இரும்பு வாய்க்குள்ளே, அரைக்கிற இடத்துக்குப் பழத்தைத் தள்ளிக்கொண்டு போகும் ஆள் தொடை கனமுள்ள ஒரு திருகு. கேமராவை அந்த வாய்க்கு நேராக நிறுத்திவிட்டு நிதின் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“நந்து! நல்ல வேளை வந்த. ஒரு பொண்ணு கை வேணும் எனக்கு. மெல்ல இதுக்குள்ள போவுது, கட், கருப்பு. அவ்ளோதான்.”

“மணியம்மா கத்தினத நீதான எடுத்த?”

அவன் நிமிரவில்லை. கேமராவின் திருகை எதற்கோ முறுக்கினான், திரும்பத் தளர்த்தினான்.

“ஆரு சொன்னது?”

“எங்கம்மா. கொரல கேட்டுச் சொல்லிச்சு.”

மெல்ல நிமிர்ந்தான். பிறகு உதடு கோணிக்கொண்டது. அழப்போகிறான் என்று நினைத்தாள்.

“நான் சும்மா மெஷின வீடியோ எடுத்துகினு இருந்தேன் நந்து. ஸ்டேட்டஸ்க்கு. அவ கையில கட்டியிருந்த துணி மாட்டிக்கிச்சு. ஸ்விட்சு எனக்குப் பக்கத்துலதான் இருந்துது. தோ, இங்க.” சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினான். “அவ என்னத்தான் பார்த்தா. என்னத்தான் கூப்டா. கை வரல. தேவுடு சாட்சியா கை வரல.”

“ஆனா போன கீழ போடல.”

“அன்னைலேர்ந்து தூக்கம் லேது. விடிய விடிய டிரெய்லரா பார்த்துகினு இருந்தேன். ஒண்ணுலயும் அந்த மாதிரி கத்தல் இல்ல. ஒண்ணுலயும் இல்ல நந்து.” அவன் கண்களில் ஈரத்தோடு ஏதோ ஒரு பளபளப்பும் இருந்தது. “ஆருக்குத் தெரியப்போவுது? ஸ்க்ரீன் கருப்பாதான இருக்கும்.”

“அழிச்சுடு. என் கண்ணு முன்னால அழி.”

“நாளைக்கு முடியட்டும்.”

“இப்ப.”

அப்போது இரும்பு வாய்க்குள்ளிருந்து டொக்கென்று ஒரு சத்தம் வந்தது. ஓர் ஒற்றைச் சத்தம். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். மாம்பழ வாசனை திடீரென்று அடர்த்தியானது.

நிதின் சிரிக்க முயன்றான். “எலி. சீசன் முடிஞ்சதும் நைனா பீஸ் கட்டையெல்லாம் புடுங்கி எடுத்துனு போய்ட்டாரு. கரண்டே இல்ல. நீ பயப்படாத, பாரு.” அவளுக்குக் காட்டுவதற்காக வலது கையைத் திருகின்மேல் வைத்தான். முழங்கைவரை உள்ளே விட்டுத் தட்டினான். “பாரு, செத்த மெஷினு...”

திருகு கால் சுற்றுச் சுற்றியது.

அவன் முகத்தில் முதலில் வலி வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. கையை இழுத்தான். வரவில்லை. திருகு இன்னொரு கால் சுற்றுச் சுற்றியது. முறிகிற சத்தம் நந்திதாவுக்குத் தன் பல்லில் கேட்டது.

பிறகு அவன் அலறினான்.

அவள் சுவரில் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். உள்ளங்கையால் குத்தினாள். மெயின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். அது ஏற்கெனவே கீழே இறங்கித்தான் இருந்தது. அதற்குமேல் இறங்க இடமில்லை. இயந்திரம் அவசரப்படவில்லை. நிதானமாக, நின்று நின்று, மென்றது. நிதினின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கால்களை இயந்திரத்தின் அடிச்சட்டத்தில் ஊன்றி இழுத்தாள். ஒரு கணம் அவன் வந்தான். கைதான் வரவில்லை. தோளில் சட்டையும் தோலும் ஒன்றாகக் கிழிந்தன. சூடான ரத்தம் அவள் கண்ணில் அடித்தது, வாயில் விழுந்தது. உப்புக் கரித்தது. அதில் மாம்பழத்தின் தித்திப்பும் இருந்தது.

“ஆப் பண்ணு நந்து! ஆப் பண்ணு!”

“ஆப்லதான்டா கீது! ஆப்லதான் கீது!”

திருகு தோளைப் பிடித்தது. அவன் கன்னம் இரும்பின் விளிம்பில் அழுந்திப் பிதுங்கியது. ஒரு கண் அவளையே பார்த்தது. அவள் இழுத்தாள். தாடை உடைந்தது. அலறல் தண்ணீருக்கடியில் போய்விட்டது போலக் குழம்பியது. அவள் பிடியிலிருந்து அவன் உடம்பு ஒரு குலுக்கலில் வழுக்கி மேலேறி இரும்பு வாய்க்குள் போனது. செருப்புகள் இரண்டும் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

நந்திதா தரையில் கிடந்தாள்.

இயந்திரத்தின் மறுபுறத்தில் குழாய் இருமியது. மஞ்சள் கூழ் வந்தது. கெட்டியாக, ஆவி பறக்க. பிறகு நிறம் மாறியது.

ஓட வேண்டும். எழுந்தாள். கால் வழுக்கியது. எழுந்தாள். திரும்பினாள்.

பட்டை ஓடிக்கொண்டிருந்தது. அதன் இருபுறமும் பெஞ்சுகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலக் குல்லாய்கள். நனைந்த முதுகுகள். குனிந்த தலைகள். கையில் கத்திகள். டக். டக். டக். ஒருத்தியும் நிமிரவில்லை. கதவு அவர்களுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

கோடியில் இருந்தவள் மட்டும் திரும்பினாள். அவளுக்கு வலது கை இல்லை. வலது தோள் இல்லை. முகத்தில் வலது பக்கம் இல்லை. இருந்த பக்கம் களைத்துப்போய், வேலைக்குப் புதிதாய் வந்தவளைப் பார்க்கிற மாதிரி அன்பாக இருந்தது. பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். மிச்சமிருந்த கையால் அந்த இடத்தைத் துடைத்தாள்.

“ஒக்காரு கண்ணு. பழம் வந்துகினே கீது.”

நந்திதாவின் கால்கள் அவளைக் கேட்காமலே அங்கே போய் அவளை உட்காரவைத்தன. பெஞ்சு ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ அவள் கையில் ஒரு கத்தியைத் திணித்து விரல்களை மூடிவிட்டார்கள். பட்டை ஊர்ந்து வந்து அவள் முன்னால் நின்றது. அதன்மேல் கிடந்த நிதினின் கையில் ஐந்து விரல்களும் மெல்ல மடங்கி, மெல்ல விரிந்துகொண்டிருந்தன.