உள்ளே படிந்த மூச்சு

பாட்டிலின் கழுத்துக்குச் சற்றுக் கீழே, யாரோ வாய் வைத்து ஊதியதுபோல் ஆவி படிந்திருந்தது.

அவள் கையுறை விரலால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. ஒரு குச்சியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் துழாவினாள். அப்போதும் போகவில்லை. கண்ணாடி ஆலையின் உலையிலிருந்து வந்து, சூடு தணிக்கும் நீளமான கூண்டைத் தாண்டி, சருகாகக் காய்ந்து வரும் மருந்து பாட்டில்கள் அவை. ஈரத்துக்கு வழியே கிடையாது. ஆவி வெளிப்பக்கமும் இல்லை, உள்பக்கமும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, கண்ணாடியின் கனத்துக்குள்ளேயே இருந்தது.

பரிசோதனை அறை பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். ஜன்னலில்லாத நான்கு சுவரும் கறுப்பு. நடுவில் ஓடும் பெல்ட்டுக்குப் பின்னால் மட்டும் பால்நிற விளக்குப் பலகை எரியும். அந்த வெளிச்சத்தின் முன்னே பாட்டில்கள் ஒன்றையொன்று உரசிக் கிணுகிணுத்தபடி நகர்ந்து வர, எண்ணெயும் சூடேறிய ரப்பரும் கலந்த வாசம் மூக்கில் அப்பியிருக்க, கீறலோ குமிழோ வாய் விளிம்பில் தலைமுடிபோல் ஓடும் வெடிப்போ கண்ணில் பட்டால் உடனே எடுத்துப் பக்கத்துக் குழாயில் போட்டுவிட வேண்டும். கீழே தொட்டியில் விழுந்து நொறுங்கும் சத்தம் கேட்கும். அதுதான் வேலை. உட்கார்ந்த இடத்தில் சம்பளம் என்று சொல்லிக் கணவன்தான் அவளைப் போகச் சொன்னான். வேலையைப் பிடித்துக் கொடுத்தது அவனுடைய அக்கா. அதே பெல்ட்டில் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, இவள் விட்ட பாட்டில்களை இரண்டாம் முறை பார்ப்பவளும் அந்த நாத்தனார்தான். சாப்பாட்டு நேரத்தில் தன் குழம்பில் பாதியை இவள் பக்கம் தள்ளிவைப்பாள். வெளிச்சம் கண்ணைக் குத்தாதபடி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று இவள் மனதுக்குள் பூரித்திருந்தாள்.

“அண்ணி, இதக் கொஞ்சம் பாருங்களேன். ஆவி மாதிரி இருக்கு.”

நாத்தனார் திரும்பவில்லை. “உனக்குத் தெரியுதா?”

“நல்லாவே தெரியுது. விரியுது, சுருங்குது. மூச்சு விடுற மாதிரி.”

“கண்ணு களைச்சிருக்கும். தூக்கிப் போட்டுட்டு அடுத்ததப் பாரு.”

குழாயில் போட்டாள். நொறுங்கும் சத்தம் வரவில்லை. குனிந்து காதை வைத்தாள். கீழே யாரோ அதைக் கையில் வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

மறுநாளும் அது வந்தது. அதற்கடுத்த நாளும். ஒருநாள் ஆவியின் குறுக்கே விரல் இழுத்த கோடு. இன்னொரு நாள் அழுத்திய உள்ளங்கை, பாட்டிலின் வளைவோடு சேர்ந்து வளைந்து. மற்ற பாட்டில்கள் கிணுகிணுக்க, அது மட்டும் ஓசையில்லாமல் வரும். அந்த ஓசையின்மையைத் தூரத்திலேயே அவள் காது கண்டுகொள்ளும்.

சூப்பர்வைசருக்குப் பல்லிடுக்கில் காற்றுப் போகும். பேச்சோடு சீட்டியும் வருவதால் எல்லோருக்கும் அவர் விசில்தான். ஒருநாள் விசில் அவள் பின்னால் வந்து நின்றார்.

“நல்ல பாட்டிலையெல்லாம் தொட்டியில போடறீங்களாம். நானாச் சொல்லலம்மா. உங்க அண்ணியே சொல்றாங்க.”

அவர் போனதும் நாத்தனாரைப் பார்த்தாள்.

“வாய் தவறி வந்துடுச்சு,” என்றாள் நாத்தனார். அவ்வளவுதான்.

அன்று வீட்டில் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். சிரிப்பான், பைத்தியமா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“அக்காகிட்ட இத வாய் விட்டுச் சொன்னியா?”

“மொத நாளே சொன்னேன்.”

தலைச்சுமையை இறக்கியவன்போல் அவன் மூச்சு விட்டான். தன்மேல் உள்ள அக்கறை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு மதியம், ஓசையில்லாத பாட்டிலை அவள் எடுக்கவில்லை. நாத்தனார் பக்கம் போகவிட்டாள். பாட்டிலைப் பார்க்காமல் நாத்தனாரின் முகத்தைப் பார்த்தாள். விளக்குப் பலகையின் வெளிச்சத்தில் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன. பாட்டில் கடந்த பிறகுதான் திறந்தன.

“உங்களுக்கும் தெரியுது,” என்றாள்.

“இப்பத் தெரியறதில்ல. அது கிட்ட வந்தா உடம்பு மட்டும் சொல்லும். திரும்பத் தெரிஞ்சிடுமோன்னு பயம்.” நாத்தனாரின் குரலில் கோபமோ குற்றவுணர்ச்சியோ இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. “மொதல்ல பாட்டில்லதான் இருந்துச்சு. அப்புறம் பஸ் ஜன்னல்ல. அப்புறம் வீட்டுக்கே வந்துடுச்சு. ஒரு நாள் என் புருஷன் தண்ணி குடிக்கிற டம்ளர்ல இருந்துச்சு. வேணாம்னு நான் சொல்றதுக்குள்ள குடிச்சிட்டாரு.”

அவர் தூக்கத்தில் போய்விட்டார் என்றுதான் இவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“இன்னொருத்தர் கண்ணுல பட்டு, அவங்க அத வாய் விட்டுச் சொல்லணும். அப்பத்தான் நம்மள விடும்.”

“அதுக்கா என்னை இங்க கூட்டிட்டு வந்தீங்க?”

“நான் வேற யாரையோ நினைச்சிருந்தேன்.” நாத்தனார் பெல்ட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “தம்பிதான் உன் பேரச் சொன்னான்.”

அவள் எழுந்தாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் இருந்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். பக்கத்தில் எங்கோ கண்ணாடியில் விரல் தேயும் சத்தம். திறக்கவில்லை. இறங்கும்வரை திறக்கவில்லை.

வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வாசலில் அவளுடைய துணிப்பை. அவன்தான் மடித்து வைத்திருக்க வேண்டும். அழகாக மடித்திருந்தான்.

தட்டினாள். “கதவத் திறங்க.”

கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல். “எங்கயாவது போயிடு. இங்க வராத. வீடு பூரா கண்ணாடி இருக்கு.”

“உங்களுக்குத் தெரிஞ்சே அனுப்பினீங்களா?”

“அவ என் அக்கா.”

“நான் யாரு?”

காலடிகள் உள்ளே போய்த் தேய்ந்தன. நெற்றியைக் கதவில் சாய்த்தாள். மரத்தில் புது வார்னிஷ் வாசம். அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்தவன். பேரைச் சொல்லியிருக்கிறான்.

நிமிர்ந்தாள். கதவின் நடுவே, வந்திருப்பது யாரென்று உள்ளிருந்து பார்ப்பதற்காகப் பதித்த சின்ன வட்டக் கண்ணாடி. அதில் தெரிந்த வீட்டு வெளிச்சம் மறைந்தது. யாரோ கண்ணை வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்துவிட்டான். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. அவளுக்கு நெஞ்சு இளகியது.

“பாக்குறீங்கள்ல,” என்றாள் மெல்ல. “திறங்க. நான் எதையும் பாக்க மாட்டேன். கண்ணக் கட்டிக்கிறேன்.”

வீட்டின் கோடியிலிருந்து, பின்கட்டுச் சமையலறையிலிருந்து, அவன் போனில் பேசுவது கேட்டது.

“அவ போயிட்டான்னு நினைக்கிறேன்க்கா. சத்தமே இல்ல.”

அவள் அசையவில்லை.

வட்டக் கண்ணாடியில் ஆவி படிந்தது. விரிந்தது. சுருங்கியது. மறுபடி விரிந்தது.

உள்ளிருந்து ஒரு விரல் அதை மெதுவாகத் துடைத்தது.