ஜிங்கிலியின் கடைசி ருசி

மூன்று நாளாக அஃப்ஸானா சாச்சிக்கு எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இட்லியும் வாந்தி, கஞ்சியும் வாந்தி. மாதுளம்பழச் சாறு மட்டும் கால் மணி நேரம் வயிற்றில் தங்கியது. பிறகு அதுவும் வாந்தி.

சாச்சி, நஸ்ரியாவின் உம்மாவுக்குத் தங்கை. கல்யாணமாகி ராயபுரத்துக்குப் போனவள், வயிற்றில் மூன்று மாதக் குழந்தையோடு பழவேற்காட்டுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள்.

"உடம்பு இளைச்சுக்கிட்டே போகுது. நாளைக்குள்ள ஏதாவது சாப்பிடணும். இல்லன்னா படுக்க வெச்சு குளுக்கோஸ் ஏத்தவேண்டியதுதான்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். சாச்சிக்கு ஊசி என்றால் நடுக்கம்.

"உனக்கு இன்னாதான் புடிக்குது, சொல்லு. நான் செஞ்சு தரேன்" என்று உம்மா கைருன் பீவி தங்கையின் தலையைத் தடவிக் கேட்டாள்.

சாச்சி வெட்கப்பட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஜிங்கிலி."

"அல்லாவே" என்று உம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஜிங்கிலின்னா இன்னா?" என்று கேட்டான் நஸ்ரியாவின் தம்பி பாசித். அவனுக்கு ஆறு வயது. சாப்பிடும் பொருள் எதுவானாலும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும்.

சாச்சி எழுந்து உட்கார்ந்தாள். மூன்று நாளில் இப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"ஆரஞ்சு கலர் பாக்கெட்டு. உள்ள சோள வளையம் இருக்கும். விரலுக்கு ஒண்ணா மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா கடிப்போம். பாக்கெட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் மிருகம் இருக்கும். மொத்தம் ஆறு மிருகம். வாயில போட்டா மொதல்ல புளிப்பு, அப்புறம் காரம். கடைசியா ஒரு ருசி வரும் பாரு. அதை எனக்குச் சொல்லத் தெரியல."

நஸ்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். பாசித்தும் பின்னாலேயே ஓடினான்.

முனைக் கடை சம்பந்தம் தாத்தா ஜிங்கிலி என்ற பெயரைக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அந்தக் கம்பெனிய மூடி பத்து வருஷத்துக்கு மேல ஆகுதும்மா. போன மாசம்கூட மெட்ராஸ்லேந்து ஒரு பையன் வந்தான். பழைய ஜிங்கிலி பொம்மை இருக்கா, காலி பாக்கெட்டாவது இருக்கான்னு கேட்டான். அதையெல்லாம் தேடித் தேடிச் சேத்து, கண்ணாடிப் பொட்டியில வெச்சுப் பூட்டிடுவாங்களாம்."

"பூட்டிட்டா எப்படி வெளையாடுவாங்க?" என்று கேட்டான் பாசித்.

தாத்தா யோசித்துப் பார்த்தார். பிறகு பாசித்தின் கையில் ஒரு கடலைமிட்டாயை வைத்தார்.

ஆனால் நஸ்ரியாவுக்கு ஒரு யோசனை வந்தது. காலி பாக்கெட்டைக்கூடச் சேர்க்கிறார்கள் என்றால், யாராவது அதைப் படம் எடுத்துப் போட்டிருப்பார்கள் அல்லவா?

வீட்டுக்கு வந்து உம்மாவின் போனில் தேடினாள். கிடைத்துவிட்டது. யானை, ஒட்டகம், முதலை, கரடி, வரிக்குதிரை, கங்காரு என்று ஆறும் வரிசையாக நின்றன. பக்கத்தில் பாக்கெட்டின் முன்பக்கமும் பின்பக்கமும் இருந்தன. பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் படித்து, என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தாத்தா கடையில் மசாலா போடாத சோள வளையம் கிடைத்தது. மிளகாய்த்தூள், உப்பு, சர்க்கரை, புளிப்புக்கு எலுமிச்சை உப்பு எல்லாவற்றையும் வளையங்களோடு டிபன் பாக்ஸில் போட்டு, மூடிக் குலுக்கினாள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று சொல்லி, பாசித் எட்டு வளையம் தின்றான்.

சாச்சி ஒன்றை எடுத்துக் கண்ணை மூடிக் கடித்தாள். இரண்டாவதையும் கடித்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அதே புளிப்பு, அதே காரம். ஆனா அந்தக் கடைசி ருசி வரல நஸ்ரி." அவள் கண் கலங்கிவிட்டது. "சின்னப் புள்ளையாட்டம் அழறேன் பாரு."

நஸ்ரியா நோட்டை மறுபடி பார்த்தாள். பாக்கெட்டில் இருந்தது எல்லாமே இதிலும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த ருசி பாக்கெட்டிலிருந்து வந்ததே இல்லை.

"சாச்சி, அப்பல்லாம் யாரோட சாப்பிடுவீங்க?"

"ஆர்த்தியோட. படகுத்துறையில உக்காந்து. அவதான் பாக்கெட்டைப் பிரிப்பா." சொல்லும்போதே சாச்சியின் முகம் கடுகடுவென்று ஆனது. "அந்தக் கங்காருவ அவதான் எடுத்துக்கிட்டா."

மிச்சக் கதையை உம்மா சொன்னாள். ஆர்த்தி பக்கத்துக் கோட்டைக்குப்பத்துப் பெண், இப்போது மீன் மார்க்கெட்டில் இறால் விற்கிறாள். இருவரும் ஒரே வகுப்பு. மிருகங்களைக் கூட்டாகச் சேர்த்தார்கள். கங்காரு லேசில் வராது. வந்த மறுநாளே காணாமல் போனது. நீ எடுத்தாய், நீதான் எடுத்தாய் என்று சண்டை போட்டு, பதின்மூன்று வருடமாகப் பேச்சே இல்லை.

மறுநாள் காலையில் நஸ்ரியா மீன் மார்க்கெட்டுக்குப் போனாள். ஆர்த்தி கூடைக்கு முன்னால் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் அஃப்ஸானா சாச்சியோட அக்கா பொண்ணு."

ஆர்த்தியின் கை அப்படியே நின்றது. "இன்னா, கங்காருவக் குடுத்தனுப்பினாளா?"

"இல்லக்கா. அது உங்ககிட்டதான் இருக்குன்னு சொல்றாங்க. நான் அதுக்கு வரல. சாச்சி முழுகாம இருக்காங்க. எது சாப்பிட்டாலும் வாந்தி. ஜிங்கிலி வேணும்னு கேக்கறாங்க. பாக்கெட்டுல இருக்கறது எல்லாம் போட்டேன், கடைசி ருசி மட்டும் வரல. நீங்கதான் பாக்கெட்டைப் பிரிப்பீங்களாமே. அதுல ஏதாவது போட்டீங்களா?"

ஆர்த்தி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சென்னாகுன்னி. எங்கம்மா வறுத்து வெச்சிருக்கும். அதைப் பொடி பண்ணி பாவாடை முடிச்சுல கொண்டாருவேன். அவளுக்குத் தெரியாம பாக்கெட்டுல போட்டுக் குலுக்கிடுவேன்."

சென்னாகுன்னி என்றால் பொடிப்பொடியான காய்ந்த இறால். நஸ்ரியாவுக்கு வாய் பிளந்துவிட்டது. சாச்சி கருவாட்டுக் கூடையைக் கண்டாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் போகிறவள்.

"தெரிஞ்சா தொடமாட்டா. ஆனா போட்டா அவ்ளோ ருசி. அவளும் தின்னணும்னு ஆசை எனக்கு" என்றாள் ஆர்த்தி. "பொடி தரேன், எடுத்துனு போ. சொல்லாம கலந்து குடுத்துடு."

நஸ்ரியா தலையை ஆட்டினாள். "வயித்துல பாப்பா இருக்கு. தெரியாம குடுக்கக் கூடாதுக்கா. நீங்களே வந்து சொல்லுங்க."

"நானா? என்னப் பாத்தா அவ மூஞ்சியத் திருப்பிக்குவா."

"திருப்பினா, வாந்தி வருதுன்னு நெனச்சுக்குங்க."

ஆர்த்தி அவளையே பார்த்தாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மத்தியானம் ஆர்த்தி வந்தாள். குளித்து, பூ வைத்து, கையில் ஒரு சின்ன பாட்டிலோடு வந்தாள். சாச்சி மூஞ்சியைத் திருப்பவில்லை. திருப்ப மறந்துபோய் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்படி இளைச்சுட்டியே" என்றாள் ஆர்த்தி.

"நீ நல்லாப் பருத்திருக்க" என்றாள் சாச்சி.

 ஆர்த்தி தொண்டையைச் செருமினாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். நாலு வருஷம் உன்ன ஏமாத்தியிருக்கேன்."

"கங்காருவா?"

"இல்ல. சென்னாகுன்னி."

ஆர்த்தி எல்லாவற்றையும் சொன்னாள். சாச்சி முதலில் முகத்தைச் சுளித்தாள். பிறகு, "நாலு வருஷமா?" என்று கேட்டாள். பிறகு, "இருக்குதா?" என்று கையை நீட்டினாள்.

நஸ்ரியா பொடியை டிபன் பாக்ஸில் போட்டுக் குலுக்கினாள். சாச்சி ஒரு வளையத்தை வாயில் போட்டாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். உம்மா பக்கெட்டோடு தயாராக நின்றாள்.

"இதுதான்" என்றாள் சாச்சி மெதுவாக.

ஒரு தட்டு காலியானது. பக்கெட்டுக்கு வேலை வரவில்லை. உம்மா தைரியமாக ஒரு கிண்ணம் மோர்ச்சோறு கொண்டுவந்தாள். வளையத்தைத் தொட்டுக்கொண்டு சாச்சி அதையும் சாப்பிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே கங்காருவை யார் எடுத்தது என்று இருவரும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள்.

"அன்னிக்கி பை உன்கிட்டதான் இருந்துச்சு" என்றாள் ஆர்த்தி.

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். சாச்சி தலையணையில் சாய்ந்து, வாயில் லேசான சிரிப்போடு தூங்கிப் போயிருந்தாள்.

ஆர்த்தி சத்தம் போடாமல் எழுந்தாள். பாட்டிலை நஸ்ரியாவின் கையில் வைத்தாள்.

"எழுந்ததும் சொல்லு. மிச்சச் சண்டைய நாளைக்கு வந்து போடறேன்னு."