டேனியல் வீட்டுக் கலேஜி

"பதினோரு மில்லிமீட்டர்" என்றாள் சுப்ரஜா.

இடுக்கியில் நெளிந்த அந்தப் புழு, தன் தம்பியின் கழுத்துக்குக் கயிறு திரிக்கிறது என்று டேனியலுக்குத் தெரியும்!

இருவருக்கும் புனேயில் ஒரே தடய அறிவியல் லேபில் வேலை. அவள் விஞ்ஞானி. அவன் அட்டெண்டர்.

ஞாயிற்றுக்கிழமை, போசரிப் பகுதியில் பூட்டிக் கிடந்த லேத் பட்டறைக்குள் முதலாளி விச்சு பிணமாகக் கிடந்தான். விலாவுக்குக் கீழே கத்திக்குத்து... காயத்துக்குள் புகுந்த புழுக்கள் அவன் ஈரலைத் தின்றுகொண்டிருந்தன.

சுவரில் சுப்ரஜாவின் சார்ட். போன டிசம்பரில் ஆட்டு ஈரலில் புழு வளர்த்து, அளந்து அளந்து அவளே போட்டது. பதினோரு மில்லிமீட்டர் என்றால் ஆள் செத்து மூன்று நாள். அப்படியானால் கொலை வியாழக்கிழமை!

வியாழக்கிழமைதான் டேனியலின் தம்பி சேவியர், விச்சு தன்னை வேலையை விட்டு நிறுத்தியதற்கு நியாயம் கேட்டு, அந்தப் பட்டறை ஷட்டரைத் தடதடவென்று தட்டியிருக்கிறான். தெருவே பார்த்திருக்கிறது. இப்போது லாக்கப்பில் இருக்கிறான்.

சுப்ரஜா ரிப்போர்ட்டை இழுத்து வைத்துப் பேனாவைத் திறந்தாள்.

"மேடம்... கையெழுத்துப் போடாதீங்க."

"ஏன்?"

சொன்னால் வேலை போச்சு. சொல்லாவிட்டால் தம்பி போய்விடுவான்.

"அந்த சார்ட் ஈரல்ல வளந்த புழுவோடது இல்ல மேடம்."

சுப்ரஜா சுத்த சைவம். அளப்பதெல்லாம் புழுவைத்தான். டப்பாவில் கறி போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்தத் தைரியத்தில், லேபுக்கு வாங்கிய கலேஜியை, அதாவது ஆட்டு ஈரலை, தினமும் ஏரவாடாவில் இருக்கும் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் மிளகு போட்டு வறுத்துத் தின்றிருக்கிறான் டேனியல். சேவியருக்கும் பங்கு! டப்பாவுக்குப் போனதெல்லாம் நாய்க்கென்று கடைக்காரர் சும்மா கொடுத்த நுரையீரல்.

அவள் திட்டவில்லை. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. இரண்டு டப்பா எடுக்கச் சொன்னாள். ஒன்றில் ஈரல், ஒன்றில் நுரையீரல். இந்த முறை முகத்தைத் திருப்பாமல் பார்த்தாள்.

நுரையீரல் புழு மூன்று நாளில் பதினோரு மில்லிமீட்டரைத் தொட்டது. ஈரல் புழு அன்னநடை நடந்து, ஐந்தாம் நாள்தான் தொட்டது!

கொலை நடந்தது செவ்வாய்க்கிழமை. அன்று சேவியர் சோலாப்பூரில் மச்சான் கல்யாணத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். வீடியோ கேசட்டே இருக்கிறது.

மறுநாள் இன்ஸ்பெக்டர், விச்சுவின் பார்ட்னர் தருணை லேபுக்கு அழைத்து வந்தார். ஔந்த் பகுதியின் பணக்கார ஃப்ளாட்வாசி. வந்ததும் வராததுமாக விமான டிக்கெட்டை மேஜையில் வைத்தான். புதனிலிருந்து சனி வரை சென்னையில் இருந்தானாம்.

"டிக்கெட் இருக்கட்டும்" என்றாள் சுப்ரஜா. "செவ்வாய்க்கிழமை எங்க இருந்தீங்க?"

தருணின் முகம் வெளுத்தது.

"செவ்வாயா...? புழு வியாழக்கிழமைன்னுதானே சொல்லிச்சு? அதுக்குள்ள எப்படி மாறும்?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். புழு வியாழன் என்று காட்டியதை வெளியே யாருக்கும் சொன்னதில்லை என்றார். ஸ்டேஷனில் யாரையோ பிடித்து அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்த தருண், அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பட்டறை நிலத்தை விற்க விச்சு சம்மதிக்காததால் குத்தியதை ஒப்புக்கொண்டான்.

ஜீப் போனதும் டேனியல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணில் நீர் முட்டியது.

"என் வேலை மேடம்...?"

"இருக்கு. புது சார்ட் போடணும்ல?" சுப்ரஜா ஹேண்ட்பேக்கை எடுத்தாள். "கறிக் கடைக்கு இனிமே நானே வரேன். இந்த டிசம்பர் முழுக்க உன் வீட்ல பருப்பு சாதம்தான்!"